சென்னையினின்று இராமேசுவரத்துக்கு

சென்னையினின்று இராமேசுவரம் செல்லத்தக்க வழி யாது என்று ஒருவர் நம்மைக் கேட்பாராயின், விடை கூறுமுன் அவரை நாம் திருப்பிக் கேட்கவேண்டிய கேள்விகள் சில உள. அவர் தனியே செல்கின்றாரா, முதியோரையும் குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்கின்றாரா? கையில் உள்ள பணம் எவ்வளவு? அவ்வூரிற் கால்வைக்க விரும்புவது விடியற்காலையிலா, நண்பகலிலா, நள்ளிரவிலா? இவற்றை அறியாது, "இன்ன வாகனம் இத்தனை மணி நேரத்திற் கொண்டுபோய்ச் சேர்க்கும், ஆதலின் அதுவே சிறந்தது" என்று சொல்லிவிடுதல், நாடி பாராது மருந்து கொடுப்பதனை ஒக்கும். பெரும்பாலோர் செய்யும் ஒப்பீடு இத்தகையதே. வண்டி ஓடும் நேரத்தை மட்டும் கணக்கிற் கொண்டு, வீட்டு வாயிலினின்று வண்டியேறும் இடம் வரையிலும், இறங்கிய இடத்தினின்று சேருமிடம் வரையிலும் கழியும் நேரத்தை அவர்கள் மறந்துவிடுகின்றனர். எத்தனை மணி நேரம் உறங்கிக் கழிந்தது, எத்தனை மணி நேரம் கால்மடக்கி விழித்திருந்து கழிந்தது என்பதையோ எண்ணுவாரே இலர்.

இவ்வூரை நாம் தேர்ந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. சென்னையினின்று சென்று சேரத்தக்க கடற்கரையூர்கள் பல. நாகப்பட்டினம், தூத்துக்குடி, கன்னியாகுமரி ஆகிய எதற்கும் நிலத்தின்மீதே இடையறாது செல்லலாம். இராமேசுவரமோ ஒரு தீவில் உள்ளது. புகைவண்டி வழியே ஏறத்தாழ 600 கிலோமீட்டர் கடந்து வருவோர்க்கு, மண்டபம் என்னும் ஊருக்கு அப்பால் தரை முடிந்துவிடுகின்றது. அதற்கும் பாம்பனுக்கும் இடையே இரண்டு கிலோமீட்டர் அளவிற் கடல் கிடக்கின்றது. அத்தனை நெடிய நிலத்தைக் கடக்க வழிகள் பலவாயிருப்பவும், இச்சிறிய கடலைக் கடக்க வழிகள் இரண்டே உள: ஒன்று புகைவண்டிப் பாலம், மற்றொன்று சாலைப் பாலம். எவ்வாகனத்திற் புறப்பட்டவரும் ஈற்றில் இவ்விரண்டனுள் ஒன்றன்மேல் ஏறியே தீரவேண்டும். இப்பிரயாணத்தின் செலவையும் காலத்தையும் இடர்ப்பாட்டையும் வரையறுப்பது அந்த இரண்டு கிலோமீட்டரே என்பது நமது கருத்து. அது எவ்வாறு என்பதைப் பின்னர்க் காண்போம்.

விரைவிற் சிறந்தது விமானம் என்பர். சென்னையினின்று மதுரைக்குச் செல்லும் விமானம் ஒன்றேகால் மணி நேர அளவிற் சென்று இறங்கிவிடும் என்பது உண்மையே. ஆயினும் மதுரை இராமேசுவரம் அன்று. பொதுமக்கள் ஏறியிறங்கும் விமான நிலையம் தீவில் இல்லை. இராமநாதபுரத்தை அடுத்த உச்சிப்புளியில் 'ஐ. என். எஸ். பருந்து' என்னும் பெயருடைய விமானத்தளம் 2009-ஆம் ஆண்டு முதல் உள்ளதெனினும், அது கடற்படைக்கு உரியது. ஆகவே மதுரையில் இறங்கியவர், மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் ஆகிய ஊர்களின் வழியே 170 கிலோமீட்டருக்குக் குறையாத சாலையைக் கடந்தாகவேண்டும். காரில் அமர்ந்து செல்வார்க்கும் அது மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலை. இனி, முழுக் கணக்கையும் பார்ப்போம். சென்னையில் வீட்டினின்று விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம், அங்குச் சோதனைகளுக்காக முன்கூட்டிச் சென்று காத்திருப்பது ஒன்றரை மணி நேரம், பறப்பது ஒன்றேகால், மதுரையில் மூட்டையைப் பெற்று வெளிவர அரை மணி, சாலையில் மூன்றரை மணி. கூட்டினால் ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஆகின்றது. அவ்வளவும் பகற்பொழுது; அவ்வளவும் ஓரிடத்தில் நிலையாக அமரவொட்டாது, எழுந்தும் நின்றும் வரிசையிற் காத்தும் கழிப்பது. செலவோ, விமானக் கட்டணமும் வாடகைக் காரும் சேர்ந்து, புகைவண்டியிற் படுத்துக்கொண்டு செல்வதற்கு ஆகும் பணத்தைப்போற் பன்மடங்காகும். அன்றியும், விமானக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறியிறங்குவது. அவசரமாகச் செல்வோனிடத்திலேயே அது மிகுதியாகக் கேட்கும்.

இதனால் விமானம் எவர்க்கும் பயன்படாது என்று நாம் கூறவில்லை. பெற்றோர் நோயுற்ற செய்தி காலையில் எட்ட, மாலைக்குள் அவர் படுக்கையருகில் இருக்கவேண்டும் என்று தவிக்கும் மகனுக்கு, இரவு வண்டிக்காகக் காத்திருத்தல் இயலுமா? அவனுக்கு அதுவே வழி. முதுகுநோயால் நெடுநேரம் அமரவியலாத செல்வர்க்கும் ஒருவாறு ஏற்கும். பிறர்க்கு, மூன்று மணி நேர மிச்சத்துக்குக் கொடுக்கும் விலை மிகப் பெரிது என்றே தோன்றுகின்றது.

விமானத்தைவிட மலிவாகவும் பகலிலேயும் செல்ல விரும்புவார்க்கு வேறொரு வழி உண்டு. சென்னைக்கும் மதுரைக்கும் இடையே 2019-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஓடத்தொடங்கிய தேஜஸ் வண்டி, ஆறேகால் மணி நேர அளவில் மதுரையை அடைவது. அதிகாலையில் ஏறினால் நண்பகலில் மதுரை. அங்கு உணவு கொண்டு, மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தினின்று இராமேசுவரம் பஸ்ஸில் ஏறினால், பொழுது சாயும் வேளையிற் பாம்பனைக் கடக்கலாம். மதுரையில் உறவினரை உடையார்க்கு இது நல்ல ஏற்பாடு. சிறு குழந்தைகளோடும் பெட்டிகளோடும் நடுவில் வண்டி மாறுவது தொல்லை என்பதை மறுப்பதற்கில்லை.

இனி, பஸ். தென்மாவட்டங்களுக்குச் செல்லும் பஸ்கள் புறப்படும் நிலையம் 2023-ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியிற் கிளாம்பாக்கத்தில் திறக்கப்பட்டது. நகரின் வடபகுதியில் வாழ்வோர் அந்நிலையத்தைச் சென்றடைவதையே ஒரு பிரயாணமாகக் கொள்ளவேண்டும். தாம்பரத்துக்குத் தெற்கே குடியிருப்போர்க்கோ அது வாயிற்படியில் வந்துவிட்டது. ஆதலின் பஸ் நல்லதா அன்றா என்பது சென்னையில் எத்தெருவில் வாழ்கின்றோம் என்பதைப் பொறுத்ததாயிற்று. பஸ்கள் மாலையிற் புறப்பட்டு, திருச்சிராப்பள்ளி நெடுஞ்சாலை வழியே தெற்கு நோக்கி ஓடி, சற்றேறக்குறைய 12 மணி நேரத்தில் இராமேசுவரத்தை அடையும். கிழக்குக் கடற்கரைச் சாலை என்னும் வேறொரு வழியும் உண்டு. புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், நாகப்பட்டினம், பின்னர் முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மணமேற்குடி, மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் என்று கடலை இடப்புறத்தே கொண்டு அச்சாலை செல்லும். விரைந்து சேரவேண்டும் என்பார்க்கு அஃது ஏற்றதன்று. ஊர்கள் நெருங்கியும் சாலை பல இடங்களிற் குறுகியும் உள்ளன. நான்கைந்து நண்பர்கள் கூடி ஒரு காரில், பகலில், வழியில் ஓரிரவு தங்கிச் செல்வராயின், அதனினும் இனிய வழி பிறிதில்லை. ஆயினும் இரவெல்லாம் ஒருவரே காரோட்டி, விடியற்காலையில் இராமநாதபுரத்தைத் தாண்டும் துணிவை மாணவர் கைவிடுதல் வேண்டும். உறக்கம் வந்து கண்ணை மூடுவது பெரும்பாலும் அவ்வேளையிலேதான்.

இக்கடற்கரை வழி புதியதன்று. காசியினின்றும் வடநாட்டின் பிற பகுதிகளினின்றும் சேதுவுக்கு நடந்துவந்த யாத்திரிகர்கள் நடந்த வழி ஏறத்தாழ இதுவே. அவர்கள் உண்ணவும் உறங்கவும் தஞ்சை மராட்டிய மன்னர்கள் இவ்வழியிற் சத்திரங்கள் பல எடுத்தனர். இரண்டாம் சரபோஜி மன்னர் முத்தாம்பாள் பெயரால் ஒரத்தநாட்டில் எடுத்த சத்திரம் இன்றும் காணத்தக்கது. நடந்தவர்க்கு வேண்டியது இரவில் ஒரு கூரையும் ஒரு பிடி சோறும். அவை பத்துக் கல் தொலைவுக்குள் கிடைக்குமாயின் அது நல்ல வழி. சத்திரத்தின் நினைவு, பஸ்ஸின் குறையொன்றை நமக்கு உணர்த்துகின்றது. வழியில் நிறுத்தும் உணவுச்சாலை ஓட்டுநர் விருப்பமாகிவிடுகின்றது. இயற்கைக் கடன் கழிக்கவும் அவர் நிறுத்தும் இடமே இடம். இளைஞர்க்கு இது பொருட்டன்று. நீரிழிவு உடைய முதியவர் இதற்கு அஞ்சியே மாலை முதல் நீர் பருகாது வாய் வறண்டு வருவதை நாம் கண்டதுண்டு. பெண்டிர் இதனை வெளியிற் சொல்லவும் நாணுவர். கட்டண அட்டவணையில் இவ்வேதனைக்கு ஒரு வரி இல்லை. பஸ்ஸுக்கு உரிய பெருமையையும் சொல்லவேண்டும்: முன்னதாகத் திட்டமிடாதவனையும் அது ஏற்றுக்கொள்ளும். புகைவண்டியில் இடமில்லை என்ற பின்னரும், அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகத்தின் பஸ்களில் அன்று மாலையே ஓரிடம் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

புகைவண்டிக்கு வருவோம். புகை ஒழிந்து நெடுங்காலமாகியும் அப்பெயரை விட நமக்கு மனம் வரவில்லை. சென்னையினின்று இராமேசுவரம் செல்லும் நாள்வண்டிகளுள் மூன்று குறிக்கத்தக்கன. மூன்றும் மாலையிலோ முன்னிரவிலோ புறப்படுவன. மூன்றும் வெவ்வேறு நிலத்தைக் காட்டுவன. சேது விரைவு வண்டி, விழுப்புரம், விருத்தாசலம், அரியலூர், திருச்சிராப்பள்ளி என்னும் குறுக்குப் பாதையாற் சென்று, புதுக்கோட்டை, காரைக்குடி, மானாமதுரை வழியாகப் பத்துப் பதினொரு மணி நேரத்திற் கொண்டு சேர்க்கும். 'போட் மெயில்' என்னும் பழம்பெயர் தாங்கிய வண்டி, கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று காவிரி நாட்டைச் சுற்றிக்கொண்டு திருச்சிராப்பள்ளிக்கு வருவதால், 65 கிலோமீட்டர் அளவு கூடுதலாக ஓடி, 13 மணி நேர அளவிற் சேரும். மூன்றாவது, 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் தொடங்கப்பெற்ற தாம்பரம் வண்டி. இது திருச்சிராப்பள்ளியைத் தொடுவதே இல்லை. மயிலாடுதுறையினின்று திருவாரூர், திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை, அறந்தாங்கி என்று கடலோரத்தை ஒட்டியே இறங்கிக் காரைக்குடியிற் பழைய பாதையிற் கூடுகின்றது. முற்காலச் சேது யாத்திரிகர் நடந்த நிலத்தை ஏறக்குறைய இவ்வண்டியே தொட்டுச் செல்கின்றது எனலாம். வண்டிகள் புறப்படும் நிலையமும் நேரமும் அவ்வப்போது மாற்றப்படுவதுண்டாதலின், டிக்கெட் வாங்குமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுதல் நன்று.

'போட் மெயில்' என்னும் பெயரைக் கேட்டு, படகுக்கும் இவ்வண்டிக்கும் என்ன தொடர்பு என்று வியக்கும் மாணவர் பலர். அதற்கு விடை கூறுவது, முன்னர்க் கூறிய அந்த இரண்டு கிலோமீட்டரின் வரலாற்றைக் கூறுவதேயாகும். மண்டபத்தையும் பாம்பனையும் இணைத்த பழைய பாலம் 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் திறக்கப்பட்டது. 140-க்கு மேற்பட்ட கண்களை உடையது அது. அதனைக் கட்டியவர் மனத்தில் முதன்மையாக இருந்தது இராமேசுவரம் அன்று, கொழும்பு. பாம்பனினின்று நேரே சென்ற தலைமைப் பாதை தனுஷ்கோடிக்கு உரியது; இராமேசுவரத்துக்குச் சென்றது ஒரு கிளையே. சென்னையில் ஏறியவர் தனுஷ்கோடித் துறையில் இறங்கி, இர்வின், கோஷன் முதலிய நீராவிக் கப்பல்களில் ஏறித் தலைமன்னாரை அடைந்து, அங்கு மீண்டும் வண்டியேறிக் கொழும்பு செல்வர். கப்பலோடு இணைந்த வண்டியாதலின் அது 'போட் மெயில்' ஆயிற்று. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற நம் மக்கள் பல்லாயிரவர் இவ்வழியாலேயே சென்றனர். அவர்களுள் ஒரு சாரார் 1964-ஆம் ஆண்டின் ஒப்பந்தத்துக்குப் பின்னர்க் கப்பலில் இராமேசுவரத்துக்கே திரும்பிவந்து, மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டதும் வரலாறு.

இந்தப் பாதையில் ஓடிய வண்டியினின்று, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், செய்தித்தாட் கட்டுகள் எறியப்படும். இராமேசுவரத்தில் வண்டி நில்லாது போகவே அவ்வாறு செய்தனர். ஓடும் வண்டியினின்று விழுந்த கட்டுகளை எடுத்துத் தந்து சிறு கூலி பெற்ற பள்ளிச்சிறுவர் ஒருவர், பின்னர்த் திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியிற் பயின்று, 2002 முதல் 2007 வரை இந்தியக் குடியரசுத் தலைவராக விளங்கினார். ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் அவர்களே அவர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இனிச் சொல்வது துயரமானது. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் நள்ளிரவில் வீசிய புயலிற் கடல் தனுஷ்கோடியின் மீது ஏறியது. பாம்பனினின்று அவ்வூருக்குச் சென்றுகொண்டிருந்த பாசஞ்சர் வண்டி அலையில் அடித்துச் செல்லப்பட்டது. அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோருள் ஒருவரும் பிழைத்திலர். ஊரும் துறையும் நிலையமும் அழிந்தன. தனுஷ்கோடிப் பாதை அதனோடு கைவிடப்பட்டது. பாம்பன் பாலத்தின் கண்களுள்ளும் பெரும்பாலானவற்றின் இரும்பு உத்திரங்கள் கடலில் வீழ்ந்தன. நடுவிலிருந்த தூக்குப் பகுதி மட்டும் நிலைத்து நின்றது. இதனைச் சீர்செய்யும் பொறுப்பு ஈ. ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட, கடலில் வீழ்ந்த உத்திரங்களையே தேடி எடுத்து, மூன்று மாதத் தவணை கொடுத்திருப்பவும் 46 நாளில் அவர் வேலையை முடித்தார். அந்நாளில் அவ்வவசரத்தின் பொருளை உணரவேண்டுமாயின், சாலைப் பாலம் அப்போது இல்லை என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். புகைவண்டி நின்றுவிடின், தீவினர் படகையே நம்பவேண்டியதுதான். சாலைப் பாலம் திறக்கப்பட்டது 1988-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள். அதுவரையிற் பஸ் என்பது இராமேசுவரப் பிரயாணத்துக்கு ஒரு வழியாக எண்ணப்படுதற்கே இடமில்லை. ஒப்பீடு என்ற பேச்சே எழுந்தது அதற்குப் பின்னர்த்தான்.

பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டு இறகுகளாக அமைந்திருந்தது. கப்பல் வரும்போது பணியாளர் நெம்புகோல்களைப் பிடித்துச் சுற்ற, கூப்பிய கைகள் விரிவதுபோல் அவ்விறகுகள் இருபுறமும் மேலெழுந்து வழிவிடும். மீட்டர்ப் பாதைக்கென அமைந்த அப்பாலம் 2007-ஆம் ஆண்டில் அகலப்பாதை ஆக்கப்பட்டது. நூறாண்டு கடந்த அதன் இரும்பை உப்புக்காற்று அரித்துவிட்டமையால், வண்டிகள் அதன்மீது நடையினும் சற்றே விரைவாகத்தான் ஊர்ந்து சென்றன. அது பழுதுபட்டமை கண்டு, 2022-ஆம் ஆண்டு டிசம்பர் மாத இறுதியில் வண்டிகள் நிறுத்தப்பட்டன. அதன் அருகே கட்டப்பட்ட புதிய பாலம் 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்டது. நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இதன் நடுப்பகுதி இறகுபோல் விரிவதில்லை; 72.5 மீட்டர் நீளமுள்ள அவ்வுத்திரம் முழுவதும், இருபுறத்துக் கோபுரங்களுக்கிடையே கிடந்தபடியே 17 மீட்டர் மேலெழும்புகின்றது. இந்தியாவில் இவ்வகையான பாலம் இதுவே முதலாவது. அத்துணைப் பெரும் பாரத்தை எவ்வாறு தூக்குகின்றனர் எனின், நம் நாட்டுக் கிணற்று ஏற்றத்தை நினைவுகொள்க. நீர்ச்சால் இருக்கும் முனைக்கு எதிர்முனையிற் கல்லையும் மண்ணையும் கட்டிப் பாரத்தைச் சமன்செய்வதால், இறைப்பவனுக்கு உழைப்புக் குறைகின்றது. அதுபோன்றே கோபுரங்களில் எதிர்ப்பாரங்கள் கம்பிக் கயிற்றில் தொங்குகின்றன; உத்திரம் ஏறும்போது அவை இறங்கும். மின்பொறிக்கு எஞ்சுவது சிறு வேலையே. வண்டிகள் இப்பாலத்தில் மணிக்கு 75 கிலோமீட்டர் வரையிலும், தூக்குப் பகுதியில் 50 வரையிலும் செல்ல இசைவு தரப்பட்டது.

2022 டிசம்பருக்கும் 2025 ஏப்ரலுக்கும் இடைப்பட்ட அந்த 27 மாதங்களே, வழிகளை ஒப்பிடுவார்க்கு மெய்யான உரைகல். அக்காலத்தில் இராமேசுவர வண்டிகள் மண்டபத்திலோ இராமநாதபுரத்திலோ நின்றுவிட்டன. நிலவழியின் 97 பங்கு தடையின்றியே இருந்தது; எஞ்சிய 20 கிலோமீட்டருக்கு உட்பட்ட பகுதியே அறுந்தது. காரில் வந்தவர் இந்த அறுபாட்டை உணர்ந்திரார். மதுரையில் விமானத்தினின்று இறங்கியவரும் உணர்ந்திரார். சாலைப் பாலம் அவர்க்குத் திறந்தே இருந்தது. உணர்ந்தவர் யாரெனின், புகைவண்டியின் முன்பதிவில்லாப் பெட்டியில் வந்தவர். விடியுமுன் இருளில் மூட்டை முடிச்சுகளை இறக்கி, தாயைக் கைப்பற்றி நடத்தி, பஸ்ஸைத் தேடி நின்றவர். வடநாட்டினின்று இரண்டு மூன்று நாள் வண்டியில் வந்து, மொழியறியாத இடத்தில் ஆட்டோ வாடகை பேசியவர். மதுரை மருத்துவமனைக்குச் சென்று திரும்பிய தீவு வாழ்நர். அவர்கள் கொடுத்த கூடுதற் பணமும் இழந்த உறக்கமும் எக்கணக்கிலும் ஏறவில்லை. சாலைப் பாலம் இருக்கப் புகைவண்டிப் பாலம் எதற்கு என்று அந்நாளிற் சிலர் கேட்டதுண்டு. பணமுடையார்க்குப் பாலம் ஒன்று போதும். அஃதில்லார்க்கு இரண்டும் வேண்டும்.

ஆதலின், தனியாகச் செல்லும் மாணவர்க்கும், முதியோரை அழைத்துச் செல்லும் குடும்பத்தினர்க்கும் இரவுப் புகைவண்டியையே நாம் முதலாவதாக வைப்போம். இரண்டாம் வகுப்புப் படுக்கைக்குச் செலுத்தும் கட்டணம், பஸ்ஸில் அமர்ந்து செல்வதற்குச் செலுத்துவதினும் பெரும்பாலும் குறைவு. கால் நீட்டிப் படுக்கலாம். வேண்டும்போது எழுந்து நடக்கலாம். கழிப்பறை பெட்டியிலேயே உண்டு. ஆறேழு மணி நேரம் உறங்கினால், விழித்துக் கழிக்கும் நேரம் விமானப் பிரயாணத்தினும் குறைந்துவிடுகின்றது. முதியோர்க்கு ஒரு குறை: 60 வயது கடந்த ஆடவர்க்கு 40 விழுக்காடும், 58 கடந்த மகளிர்க்கு 50 விழுக்காடும் இருந்துவந்த கட்டணக் கழிவு 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்டது. ஓய்வூதியம் இல்லாத முதியவர் கணவனும் மனைவியுமாகப் போய்வர எண்ணின், அந்த வேறுபாடு சிறியதன்று. கீழ்ப்படுக்கையை முதியோர்க்கு ஒதுக்கும் வழக்கம் மட்டும் நிற்கின்றது. வயதைத் தவறாது குறிப்பிட்டுப் பதிவு செய்யவேண்டும்.

பதிவு செய்தற்கு உரிய காலமும் குறுகிவிட்டது. முன்னர் 120 நாளுக்கு முன்பே இடம் பெறலாம். 2024-ஆம் ஆண்டு நவம்பர் முதல் அது 60 நாளாயிற்று. தை, ஆடி, மகாளய அமாவாசை நாட்களையும், தீபாவளி, பொங்கல் விடுமுறைகளையும் ஒட்டிச் செல்வோர் அந்த அறுபதாம் நாட்காலையிலேயே விழித்துக்கொள்ளுதல் வேண்டும். தவறினார்க்குத் தத்கால் முறை உண்டு. பிரயாணத்துக்கு முன்னாள் காலை 10 மணிக்குக் குளிர்சாதன வகுப்புகளுக்கும், 11 மணிக்குப் பிற வகுப்புகளுக்கும் அது திறக்கும். சில நிமிடங்களில் முடிந்தும் போகும். அதுவும் தவறினாற் பஸ்தான்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிற் செல்வோர்க்கு இன்னொன்று. காற்று ஓர் அளவைக் கடந்தாற் பாலத்தின்மேல் வண்டி விடப்படுவதில்லை. காற்று அடங்கும் வரையில் மண்டபத்திற் காத்திருக்க நேரும். அந்நாட்களில், சேர்ந்தவுடன் முடிக்கவேண்டிய அலுவல் எதனையும் வைத்துக்கொள்ளாது, ஒரு வேளை முன்னதாகவே சேருமாறு புறப்படுக.

இம்மூன்று வண்டிகளுள் எதனைக் கொள்வது? விடியுமுன் தீர்த்தத்துறையில் இருக்கவேண்டும் என்பார்க்குச் சேது வண்டி ஏற்றது. தங்குமிடத்தில் முன்கூட்டி அறை பேசிவைக்காதவர் அதில் ஏறினால், இருளிற் பெட்டிமேல் அமர்ந்து பொழுது விடியக் காத்திருக்கவேண்டும். சென்னைக்குத் தெற்கே வாழ்வோர்க்கும், திருவாரூர், பட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஏறுவோர்க்கும் தாம்பரம் வண்டி. கடலைக் காணவேண்டும் என்னும் ஆசையுடைய முதன்முறை யாத்திரிகர்க்குப் போட் மெயிலே உகந்தது. அது நீண்ட நேரம் எடுத்துக்கொள்வதனாலேயே, பொழுது நன்கு விடிந்தபின் பாலத்தின்மேல் ஏறுகின்றது. வடபுறத்தே பாக் நீரிணையும், தென்புறத்தே மன்னார் வளைகுடாவும், இரண்டுக்கும் நடுவே நீரின்மேல் ஓடும் வண்டியும், பக்கத்தில் உயர்ந்து வளைந்து செல்லும் சாலைப் பாலத்தில் நின்று கையசைக்கும் மக்களும் அப்போதே தெரியும். புதிய பாலத்தில் வண்டி விரைந்து கடந்துவிடுகின்றமையால், அக்காட்சி முன்போல் நெடுநேரம் நில்லாது. ஆகவே மண்டபம் நிலையம் வருமுன் எழுந்து முகங்கழுவிக்கொண்டு சன்னலருகில் அமர்க. உறக்கம் மிகுந்தவர் இராமநாதபுரத்தில் தம்மை எழுப்புமாறு எதிரே இருப்பவரிடம் இரவே சொல்லிவைக்கலாம்.